கடைசி ஆள் எங்கே?

வாசகர் கேள்விகள்

இளைஞர்களை மலைக்கும் காட்டுக்கும் அழைத்துப்போகும் குழுக்களில் வெகுகாலமாக வரிசையின் கடைசியில் நடந்து வருபவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். ஓய்வுபெற்ற செவிலியர். நடைப்பயணத்தையும் விசுவாச வாழ்க்கையையும் சேர்த்துக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் சில இங்கே.

அக்கா, எங்கள் சபை வாலிபர்களை மலையேற்றத்துக்கு அழைத்துப்போகிறேன். நான் வேகமாக நடப்பவன். நாலைந்து பேர் எனக்கு ஈடுகொடுப்பார்கள். மற்றவர்கள் பின்தங்கிக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று காத்திருக்கிறோம். அப்படியும் முணுமுணுப்பு ஓயவில்லை. இதற்குமேல் என்ன பொறுமை காட்டுவது?
– குழுத் தலைவர் ஒருவர்

தம்பி, நீங்கள் காத்திருப்பது பின்னாலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முன்னால் போன ஐந்து பேரும் திருப்பத்தில் பையை இறக்கிவைத்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, வியர்வை காய உட்கார்ந்திருப்பார்கள். கால்மணி நேரம் கழித்துப் பின்னால் வந்தவர் மூச்சிரைக்க வந்து சேர்வார். அவர் பையின் வாரில் கைவைத்ததுமே முன்னாலிருந்து ஒரு குரல் வரும்: "எல்லாரும் வந்தாச்சா? கிளம்பலாமா?" ஓய்வே தேவைப்படாதவருக்குக் கால்மணி நேர ஓய்வு. தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நாள் முழுக்க இப்படியே போனால் சாயங்காலம் உங்களுக்குத் தெம்பு மிச்சமிருக்கும், அவருக்கு அழுகை வரும். முணுமுணுக்காமல் என்ன செய்வார்?

மிக மெதுவாக நடப்பவரை உங்களுக்கு அடுத்து, இரண்டாவது ஆளாக நடக்கவிடுங்கள். அவர் மூச்சு உங்கள் காதில் விழவேண்டும். பேச்சுக்கொடுங்கள். ஒரு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் அவரால் சொல்லி முடிக்க முடிந்தால் அதுதான் குழுவின் வேகம். ஓய்வு பத்து நிமிடம் என்றால், கடைசி ஆள் பையை இறக்கிய நிமிடத்திலிருந்து பத்து. உங்கள் நாலைந்து பேரில் நன்றாக நடக்கும் ஒருவரைக் கடைசிக்கு அனுப்புங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. அவர் தாண்டி வந்த இடத்தில் குழுவின் ஆள் ஒருவரும் நிற்கவில்லை என்று அவர் அடித்துச் சொல்ல முடிய வேண்டும்.

இது மலையேறுகிறவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. ஆதியாகமம் 33-ல் ஏசா நானூறு பேரோடு வந்து, சேர்ந்தே போகலாம் வா என்று தம்பியைக் கூப்பிடுகிறார். யாக்கோபு தயங்குகிறார். பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகள் கறவையாக இருக்கின்றன, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும், நான் அவர்கள் நடைக்கு ஏற்ப மெதுவாக வருகிறேன் என்கிறார். (அப்படிச் சொல்லிவிட்டு அண்ணன் ஊரான சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போய்விட்டார். யாக்கோபு யாக்கோபுதானே! ஆனாலும் சொன்ன காரணம் பொய்யில்லை.)

இஸ்ரவேலரைத் தாக்கிய அமலேக்கியரின் கதையையும் பாருங்கள். உபாகமம் 25 அவர்கள்மேல் வைக்கும் குற்றம் என்ன? இஸ்ரவேலர் இளைத்துக் களைத்திருந்த நேரத்தில், வரிசையின் பின்னால் வந்த பலவீனரை வெட்டினார்கள் என்பதே. எங்கே காவல் இல்லை என்று தாக்குகிறவனுக்கு நன்றாகத் தெரியும். அது நடந்தது ரெவிதீமில். அதற்குப் பிறகு சீனாய் வனாந்தரத்திலிருந்து கிளம்பும்போது அணிவகுப்பு எப்படி இருந்தது என்பதை எண்ணாகமம் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. முன்னால் யூதாவின் கொடி. எல்லாப் பாளையங்களுக்கும் பின்னால், கடைசியில், தாண் கோத்திரம். அதே புத்தகத்தில் தொகைக்கணக்கும் இருக்கிறது: யுத்தத்துக்குப் போகத்தக்கவர்கள் யூதாவில் 74,600 பேர், தாணில் 62,700 பேர். பன்னிரண்டு கோத்திரங்களிலும் பெரியது யூதா, அதற்கு அடுத்தது தாண். முதல் பலம் முன்னால் போனது, இரண்டாவது பலம் கடைசியில் வந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து, கடைசியில் நடப்பதை யாராவது கேலி செய்தால் எனக்குக் கோபம் வருவதில்லை.

நம் சபைகளில் கடைசியில் யாரை நிறுத்தியிருக்கிறோம்? புதிதாக வந்தவர், ஆயிரம் சந்தேகங்களோடு வந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஜெபிக்கவே வராமல் உட்கார்ந்திருப்பவர். இவர்கள் திருப்பத்தில் வந்து சேரும் நேரத்தில் நாம் அடுத்த உபவாசக் கூட்டத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். நன்றாகப் பாடுகிறவர், பேசுகிறவர், வேதம் தெரிந்தவர் எல்லாரும் மேடைப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வாசல் பக்கம் அனுப்புங்கள் என்று உங்கள் போதகரிடம் சொல்லிப் பாருங்கள். ஏசாயா 52:12-ல் கர்த்தர் முன்னே போகிறவராக மட்டும் வரவில்லை, பிறகே, அதாவது பின்னாலிருந்து, காக்கிறவராகவும் வருகிறார். நம்மில் பலர் பாதி வசனத்தோடு நின்றுவிடுகிறோம்.

முகாமில் இரவு நேரத்தில் டென்டை விட்டு வெளியே போகவே பயமாக இருக்கிறது. எந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு போகலாம்?
– பள்ளி மாணவி

சங்கீதம் 121. கூடவே ஹெட்லேம்ப்பும், துணைக்கு ஒருத்தியும். பக்கத்து டென்டில் இருக்கும் அக்காவை எழுப்பும்மா. அவளுக்கும் போகவேண்டியிருக்கும், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

எங்கள் ஐக்கியத்தில் ஒருவர் ஏதோ ஒரு பழக்கத்தில் சிக்கியிருக்கிறார் என்று தோன்றுகிறது. கேட்டால், "நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்கிறார். அதற்குமேல் எப்படிக் கேட்பது?
– வாசகி ஒருவர்

நடக்கிறவரிடம் "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். அதனால் நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

கொப்புளம் எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாக்ஸ் ஈரம், ஷூ கொஞ்சம் தளர்வு. ஒவ்வொரு அடியிலும் குதிகால் எலும்பு ஒரு பக்கம் நகர, தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. இப்படி இழுபட்டு இழுபட்டுத் தோலின் அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. அந்த இடம் சுடும். தோல் சிவந்திருக்கும், உரிந்திருக்காது. அப்போதே நின்று, காலைத் துடைத்து உலரவிட்டு, ஒரு துண்டு டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் மறுநாள் அவர் நடையே மாறும். கோணலாக நடந்து முழங்கால் வலிக்கும். மூன்றாம் நாள் அவர் பையை வேறு இரண்டு பேர் சுமப்பார்கள்.

ஒரு பயணத்தில் ஒரு பையன் ஷூ லேஸைக் கட்ட அடிக்கடி குனிந்துகொண்டே வந்தான். லேஸில்தான் கோளாறு என்றால் ஒருமுறை இறுக்கிக் கட்டினால் தீர்ந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து நின்ற இடத்தில், "எல்லாரும் ஷூவைக் கழற்றுங்க, சாக்ஸையும்" என்று சொல்லிவிட்டு முதலில் என்னுடையதைக் கழற்றினேன். என் கால் பார்க்க லட்சணமாக இருக்காது. சுண்டுவிரல் நகம் பாதிதான் இருக்கும், குதிகால் முழுக்க வெடிப்பு. யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அந்தப் பையனின் சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் விட்டு நனைத்துத்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே கொப்புளம் உடைந்து, தோல் வெள்ளையாகச் சுருண்டு ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. "வலிக்கலையாடா?" என்றேன். "என்னால எல்லாரும் நிக்கவேண்டாமேன்னுதான்" என்றான்.

உங்கள் நண்பரும் அநேகமாக இதைத்தான் சொல்வார். மறைக்கிறவர்கள் எல்லாரும் கள்ளர்கள் இல்லை. பாதிப் பேர் நமக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று மறைக்கிறார்கள், மீதிப் பேர் நாம் முகம் சுளிப்போம் என்று பயந்து மறைக்கிறார்கள். அதனால் அவரைத் தனியே ஓரம்கட்டி விசாரிக்காதீர்கள். எல்லாரும் சாக்ஸைக் கழற்றும் ஒரு நேரம் உங்கள் ஐக்கியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் கழற்றுகிறவர் தலைவராக இருக்கட்டும். "எனக்கு ஒரு காலத்தில் சோதனை இருந்தது, கர்த்தர் விடுவித்தார்" என்று ஆறிப்போன காயத்தைக் காட்டினால் போதாது. இந்த வாரத்து வெடிப்பைக் காட்ட வேண்டும். யோவான் 13-ல் பேதுரு, என் கால்களை ஒருக்காலும் கழுவக்கூடாது என்று மறுக்கிறார். இரண்டு கால்களை நீட்டிக்கொண்டு உட்கார ஒருவருக்கு எவ்வளவு கூச்சம் என்று அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த விஷயம். சிலர் ஆர்வக் கோளாறில் கொப்புளத்தின் மேல்தோலைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். அடியில் உள்ள புண்ணுக்கு அந்தத் தோல்தான் மூடி, அது இருக்கும்வரை கிருமி எளிதில் உள்ளே போகாது. கூட்டத்தில் எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்ல வைப்பதும் அப்படிக் கிழிப்பதுதான். மூடியபடியே ஆறட்டும். நீங்கள் "பழக்கம்" என்று எழுதியது மதுவோ போதையோ என்றால் நம் கையிலிருக்கும் டேப் போதாது, மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். கூடப்போய் வரிசையில் உட்காருங்கள். ஜெபத்தை அங்கேயே உட்கார்ந்து பண்ணலாம்.

சிகரம் கண்ணுக்கெதிரே தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேர ஏற்றம்தான். வானமும் தெளிவாக இருந்தது. "நேரமாகிவிட்டது" என்று தலைவர் எங்களைத் திருப்பிவிட்டார். ஜெபம் பண்ணிவிட்டுத்தானே கிளம்பினோம்? பாதியில் திரும்புவது அவிசுவாசம் இல்லையா?
– கல்லூரி மாணவர்

இல்லை. உங்கள் தலைவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

"ஒரு மணி நேரம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு ஒரு மணி நேரம்? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் நடைக்காரர்கள் அதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் நடையில் 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி நேரம். ஆனால் அது நல்ல உடற்கட்டுள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். ஓய்வு, தண்ணீர், படமெடுப்பது, என் பக்கத்தில் வருகிறவரின் முழங்கால், இவை எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. முன்னால் நிற்கும் உங்களுக்குச் சிகரம் தெரிந்தது. கடைசியில் நிற்கிறவருக்குக் கீழே இறங்கவேண்டிய வழி தெரியும். அதில் எவ்வளவு இருட்டில் போகும் என்பதும் தெரியும். அதனால்தான் திரும்பும் நேரத்தைக் காலையில், அடிவாரத்தில், எல்லாருக்கும் புத்தி தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்துகொள்கிறோம். உச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவில் ஆசைதான் பேசும்.

தெளிவான வானத்தைச் சொன்னீர்களே, அதற்குப் பவுலைக் கைதியாகக் கப்பலில் கொண்டுபோகும் அப்போஸ்தலர் 27 இருக்கிறது. உபவாச நாள் கடந்துபோய், கடல் யாத்திரைக்கு ஆகாத பருவம் வந்துவிட்டது. வேண்டாம், சேதம் வரும் என்கிறார் பவுல். நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் சொந்தக்காரரையும் நம்பினார். குளிர்காலத்துக்கு அவர்கள் நின்ற துறைமுகம் வசதிப்படவில்லை, அதே கிரேத்தா தீவில் பேனிக்ஸ் என்ற நல்ல துறைமுகம் இருந்தது. பெரும்பான்மையோர் கிளம்பலாம் என்றார்கள். அப்போது பார்த்துத் தென்றல் மெதுவாக வீசியது. நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று வந்தது. பதினாலு நாள் அலைக்கழிந்து கப்பலை இழந்தார்கள். இருந்த 276 பேரும் பிழைத்தது கிருபை. ஆனால் அந்த இளந்தென்றலைக் கர்த்தரின் அனுமதி என்று எடுத்துக்கொண்டது அவர்கள் அவசரம். அந்தக் கப்பலில் விசுவாசத்தில் யாருக்கும் குறையாத மனிதர்தான் "கிளம்பவேண்டாம்" என்று சொன்னவர், அதையும் மறக்கவேண்டாம்.

இன்னொன்று. உயரமான இடத்தில் நிறுத்தி, "தேவன் உன்னைத் தாங்குவார், குதி" என்று சங்கீதம் 91-ஐ மேற்கோள் காட்டியது யார் என்று மத்தேயு நான்கில் பாருங்கள்.

மிக உயரமான மலைகளுக்குப் போகிறவர்களுக்குச் செவிலியராக ஒரு வார்த்தை. 3,000 மீட்டருக்கு மேலே, ஒரு இரவு தூங்கும் உயரத்துக்கும் மறு இரவு தூங்கும் உயரத்துக்கும் 500 மீட்டருக்குமேல் வித்தியாசம் வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். தலைவலி, குமட்டல், சோர்வு என்றால் அதற்குமேல் ஏறக்கூடாது. தள்ளாட்டமோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் நடு இரவானாலும் இறக்கிவிடவேண்டும். அந்த நேரத்தில் சுற்றி நின்று ஜெபித்துக்கொண்டிருக்கும் குழுவைவிட, ஜெபித்துக்கொண்டே இறங்கும் குழுவையே நான் விரும்புவேன்.

பல நாள் நடையில் ஒவ்வொரு கிராமும் கனம். பெரிய வேதாகமத்தை எடுத்துப்போகவேண்டுமா, போனில் இருப்பது போதுமா?
– வாசகர் ஒருவர்

போனில் சார்ஜ் போய்விடும். ஒரு சுவிசேஷம் மட்டும் அச்சான சின்னப் பிரதி போதும்.

இதைக் கேட்டதும் துருவப் பயணி ஷாக்கிள்டன் நினைவு வருகிறது. தென்துருவக் கடலில் அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் சிக்கி நொறுங்க, 1915 அக்டோபரில் அதைக் கைவிட்டார்கள். பனிமேல் நடந்து தப்பவேண்டும். சொந்தப் பொருள் ஆளுக்கு இரண்டு பவுண்டு, கிட்டத்தட்ட 900 கிராம். முன்மாதிரியாகத் தன் பொற்காசுகளைப் பனியில் வீசினார். அலெக்சாண்டிரா ராணி கொடுத்த பெரிய வேதாகமத்தையும் அங்கேயே வைத்தார், ராணி எழுதிக்கொடுத்த முன்தாளையும், யோபு 38-ல் உறைபனியைப் பெற்றவர் யார் என்று கேட்கும் பக்கத்தையும் மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டார். அவர் விட்ட வேதாகமத்தை மாலுமி ஒருவர் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டது தனிக்கதை. எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ வாத்தியம், பன்னிரண்டு பவுண்டு, அதை மட்டும் கொண்டுவரச் சொன்னார். மற்றவர்கள் மனம் தளராமல் இருக்க அது வேண்டும் என்றார். தன் பையைக் குறைத்துக்கொண்டு, எல்லாருக்குமானதற்கு இடம் கொடுத்தார்.

உங்கள் பையில் சொந்தத் தியானத்துக்கு என்ன வைப்பது என்று யோசிப்பது போலவே, அடுத்தவருக்கு என்று என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். நான் கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ் வைத்திருப்பேன். என் அளவு இல்லை, பெரிய அளவு.

தனியாகக் காட்டில் நடக்கும்போது கடவுளை உணர்வதுபோல ஞாயிறு ஆராதனையில் உணர்வதில்லை. சபைக்குப் போவதையே குறைத்துவிட்டேன். மரங்களே என் ஆலயம். இதில் என்ன தவறு?
– வாசகி ஒருவர்

தனியாக நடப்பதில் ஒரு தவறும் இல்லை. இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்த ஆண்டவரைத்தானே பின்பற்றுகிறோம்? பவுலும் துரோவாவிலிருந்து ஆசோவுக்குக் கூட்டாளிகளைக் கப்பலில் அனுப்பிவிட்டுத் தான் தரைவழியாக நடந்தார், முப்பது கிலோமீட்டருக்குமேல். ஏன் என்று லூக்கா எழுதவில்லை. எருசலேமில் என்ன காத்திருக்கிறதோ என்ற யோசனையோடு நடக்கவேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் ஆசோவில் அவர்களைச் சந்தித்துக் கப்பலேறிவிட்டார்.

2009-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் சிலரைக் காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் கட்டிப் பார்த்தார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். மேகம் மூடிய காட்டில் நடந்தவர்கள் வட்டமடித்து, தாங்கள் முன்பு கடந்த இடத்தையே மீண்டும் கடந்தார்கள். தாங்கள் நேராகப் போவதாகவே அவர்கள் நம்பினார்கள் என்பதுதான் அதில் முக்கியம். உடம்புக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து நம்மைத் திருப்பிவிடுகின்றன. வெளியே ஒரு குறி வேண்டியிருக்கிறது. திசைகாட்டியில் ஒரு டிகிரி பிசகினாலே ஒரு கிலோமீட்டரில் பதினேழு மீட்டர் விலகிவிடுவோம்.

மரங்கள் நல்ல துணைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒரு தோழியிடம் வருஷக்கணக்காகப் பேசாமலிருந்தால் எந்த மரமும் அதைக் கேட்காது. ஒரு ஞாயிறு உங்களுக்குப் பிடிக்காத பாட்டைப் பாடி, பிடிக்காத ஆளுக்குப் பக்கத்தில் உட்காரும்போது, அந்த ஆள் கேட்டுவிடுவார். ஆராதனை சலிப்பாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம், எல்லாப் பிரசங்கமும் நன்றாக இருக்கும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். நீங்கள் எதை உணர்கிறீர்கள் என்பதோடு, உங்களைப்போல உணராமல் அங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்றும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காட்டில் நடந்து வந்த தெம்பு அவருக்குத் தேவைப்படலாம். காட்டுக்கும் போங்கள், அங்கேயும் போங்கள்.

ஒரு வார நடைப்பயணத் தியான முகாமுக்குப் போனேன். நாலாம் நாள் ஜெபமே வரவில்லை. எல்லார்மீதும் எரிச்சல். "நான் விசுவாசியே இல்லையோ" என்று தோன்றிவிட்டது. திரும்பி வந்தும் அந்த எண்ணம் போகவில்லை.
– வாசகர் ஒருவர்

அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? முந்தைய இரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்? சிறுநீர் என்ன நிறத்தில் போனது? சிரிக்காதீர்கள், உங்கள் கடிதத்தில் இது எதுவும் இல்லை.

நாலு நாள் தொடர்ந்து நடந்து, பசி தெரியாமல் குறைவாகச் சாப்பிட்டு, தண்ணீரும் குறைந்து, கல்லில் படுத்துத் தூக்கம் கெட்ட மனிதருக்கு எரிச்சலும் விரக்தியும் வருவது உடம்பின் வேலை. கடைசியில் நடக்கும் எனக்கு இது அடிக்கடி கண்ணில் படும். அதுவரை கலகலப்பாக வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார், சின்னக் கல் தடுக்கினாலும் சலித்துக்கொள்வார். அவரிடம் நான் எந்த வசனமும் சொல்வதில்லை. உட்காரவைத்து, இனிப்பாக ஏதாவது கொடுத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்கவைப்பேன். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் மன்னிப்புக் கேட்பார்கள். எதற்கென்று எனக்கே தெரியாது.

எலியா தீர்க்கதரிசிக்கு நடந்ததும் இதுதான். பெயெர்செபாவில் வேலைக்காரனை நிறுத்திவிட்டு வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் தனியாகப் போய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, சாகவேண்டும் என்கிறார். வந்த தேவதூதன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார், அதற்கும் தடையில்லை. இரண்டாம் தடவை எழுப்பியும் சாப்பாடுதான், போகவேண்டிய தூரம் வெகு தூரம் என்று சொல்லி. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வந்தது.

அந்தக் கேள்விக்கு, நான் ஒருவன் மட்டும்தான் மிச்சம் என்று எலியா சொன்னார். ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. நடையில் பின்தங்கி, முன்னால் போனவர்களின் முதுகு மறைந்துவிட்டால் ஒருவருக்கு அப்படித்தான் தோன்றும். உங்கள் முகாமில் கடைசி ஆள் என்று யாரையாவது நியமித்திருந்தார்களா? இல்லையென்றால் அடுத்தமுறை கேட்டுவிட்டுச் சேருங்கள். இப்போதைக்கு இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, ஒரு நண்பரிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதையே சொல்லுங்கள். அப்படியும் அந்தக் கனம் இறங்கவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், அது மனச்சோர்வாக இருக்கலாம். விசுவாசி இல்லையோ என்ற கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு அவசரமில்லை.

எங்கள் குழுவில் ஒரு அண்ணன் வழி முழுக்க ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டே வருகிறார். கிறிஸ்தவப் பாடல்கள் என்பதால் நிறுத்தச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாதவர்

தயங்காமல் சொல்லுங்கள். ஆல்ப்ஸ் மலைகளில் ஆபத்துக்கு அடையாளம் நிமிடத்துக்கு ஆறு விசில், பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று விசிலால் பதில் கொடுப்பார். உங்கள் குழுவிலும் இதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு விசில் கொடுங்கள். பனிமூட்டத்தில் நான் பின்னாலிருந்து ஊதினால் முன்னால் போகும் அந்த அண்ணனுக்குக் கேட்கவேண்டும், மேலே கல் உருண்டால் சத்தம் எனக்குக் கேட்கவேண்டும். பாட்டை இராத்திரி முகாமில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நானும் வந்து உட்காருகிறேன்.